நூலகர் கொடுத்த அனுமதி: அமெரிக்காவில் செல்பேசிப் பூட்டும் பதிப்புரிமைச் சட்டமும், 1998–2025

2013 ஜனவரி 26 முதல், அமெரிக்காவில் புதிதாக வாங்கிய செல்பேசியைச் சேவை நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் ‘அன்லாக்’ செய்வது சட்டத்துக்குப் புறம்பான செயலானது. அதற்கு முந்தைய நாள் வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாகச் சட்டம் அனுமதித்து வந்த செயல் அது. இடையில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று சட்டம் எதுவும் இயற்றவில்லை. அதிபரும் ஆணை பிறப்பிக்கவில்லை. காங்கிரஸ் நூலகத்தின் நூலகரான ஜேம்ஸ் பில்லிங்டன், மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் விதிவிலக்குப் பட்டியலில் ஒரு பத்தியைக் குறுக்கி எழுதினார், அவ்வளவுதான். பில்லிங்டன் ரஷ்ய வரலாற்றில் தேர்ந்த அறிஞர். தொலைத்தொடர்புக் கொள்கையை வகுக்கும் பொறுப்பை அவரிடம் யாரும் ஒப்படைத்திருக்கவில்லை.

இந்தத் தடையைப் பெருநிறுவனங்கள் ஆட்பலத்தாலும் பணபலத்தாலும் சாதித்துக்கொண்டதாக எழுதுவது வழக்கம். அவை முயன்றது உண்மை. ஆனால் ஆவணங்களை வரிசையாகப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. செல்பேசிப் பூட்டு என்பது கடைக்காரனுக்கும் வாடிக்கையாளனுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் விவகாரம். அது பதிப்புரிமைச் சட்டத்தின் வலைக்குள் தற்செயலாக விழுந்தது. விழுந்த இடத்தில் அதற்கு உரிமை கிடைக்க வழியில்லை; தவணை முறையில் அனுமதிதான் கிடைக்கும். 2013இல் நடந்தது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்த விளைவு.

பூட்டு எங்கே இருக்கிறது

ஜி.எஸ்.எம். வகைச் செல்பேசியில் பூட்டு என்பது ஒரு சிறு நிரல். சிம் கார்டைச் செருகியதும் அதிலுள்ள நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் அது படித்துப் பார்க்கும். அனுமதித்த எண்ணாக இல்லாவிட்டால் கருவி நெட்வொர்க்கில் சேராது. பூட்டைத் திறக்கக் கருவிக்குக் கருவி தனிக் குறியீடு உண்டு. பழைய நோக்கியா கைபேசிகளில் பலர் இதைக் கையால் செய்திருப்பார்கள். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அதைக் கணிப்பு நிரலில் இட்டால் குறியீடு கிடைக்கும். பிறகு #pw+ என்று தொடங்கும் ஒரு வரிசையைத் தட்ட வேண்டும். விசைப்பலகையில் அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தனி விசை கிடையாது. நட்சத்திர விசையை இரண்டு முறை அழுத்தினால் கூட்டல் குறி, மூன்று முறைக்கு ஓர் எழுத்து, நான்கு முறைக்கு இன்னோர் எழுத்து. ஐந்து முறை தவறாகத் தட்டினால் விசைப்பலகை வழி அடைபட்டுவிடும். அப்புறம் கேபிள் வைத்திருக்கும் கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.

இந்த வேலையில் யாருடைய பாட்டும் படமும் நூலும் நகலெடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் சட்டச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு உண்மையைச் சுற்றியே நடக்கிறது.

பூட்டுக்கான பொருளாதார நியாயம் எளிது. சேவை நிறுவனம் கருவியை அடக்க விலைக்கும் குறைவாகத் தருகிறது. இரண்டாண்டு மாதக் கட்டணத்தில் அந்தத் தொகையை மீட்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1992இல் செல்பேசியையும் சேவையையும் சேர்த்து விற்க வெளிப்படையாக அனுமதி தந்தது. இதில் ஒரு முரண் உண்டு. கம்பிவழித் தொலைபேசியில் இதே ஆணையம் நேர் எதிராக நடந்திருந்தது. டெக்சாஸ்காரரான தாமஸ் கார்ட்டர் உருவாக்கிய ‘கார்ட்டர்ஃபோன்’ கருவியைத் தன் தொலைபேசி இணைப்புடன் பொருத்தக் கூடாது என்று ஏ.டி. அண்டு டி. தடுத்தபோது, நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் பொருத்திக்கொள்ளலாம் என 1968இல் ஆணையம் தீர்ப்பளித்தது. ஃபேக்ஸ், மோடம், பதிலளிக்கும் எந்திரம் எல்லாம் அந்தத் தீர்ப்பின் வழியே வீட்டுக்குள் வந்தவை. கம்பியில்லாச் சேவைக்கு அந்த நெறியை ஆணையம் நீட்டிக்கவில்லை. செல்பேசிப் பூட்டின் கதை உண்மையில் அங்கேயே தொடங்குகிறது.

1998: வலை விரிகிறது

1996இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை, படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பத் தடைகளை மீறுவோரைத் தண்டிக்க நாடுகள் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. அமெரிக்கா 1998 அக்டோபர் 28இல் டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. டி.வி.டி.யைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைக் குறிவைத்தே அதன் 1201ஆம் பிரிவு எழுதப்பட்டது. ஆனால் பதிப்புரிமை பெற்ற படைப்பை அணுகவிடாமல் காக்கும் தொழில்நுட்பத் தடையை மீறுவதே அங்கே குற்றம். மீறிய பின் என்ன செய்தாய் என்ற கேள்வியே இல்லை. கணினி நிரலும் பதிப்புரிமைப் படைப்பு. செல்பேசிக்குள் இருக்கும் நிரலும் அதே கணக்கில் சேரும். ஆக, பூட்டைத் திறப்பவர் ‘படைப்பை’ அணுகுகிறார். வணிக லாபத்துக்காக வேண்டுமென்றே செய்தால் முதல் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் டாலர் வரை அபராதம்.

சட்டம் நியாயமான பயன்பாட்டையும் நசுக்கிவிடக் கூடாது என்ற கவலையில் ஒரு காற்றுவாரியை வைத்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிப்புரிமைப் பதிவாளர் விசாரணை நடத்துவார். வணிகத் துறையின் தொலைத்தொடர்பு முகமையைக் கலந்துகொள்வார். அவர் பரிந்துரையின் பேரில் காங்கிரஸ் நூலகர் விதிவிலக்குகளை அறிவிப்பார். பதிப்புரிமை அலுவலகம் அந்த நூலகத்தின் ஓர் உறுப்பு என்பதால் நூலகர் கைக்கு அதிகாரம் போனது. இங்கே இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. எந்த விதிவிலக்கும் மூன்றாண்டோடு முடிந்துவிடும். மறுமுறை வேண்டுபவர் தேவையைப் புதிதாக நிரூபிக்க வேண்டும். இன்னொன்று, விதிவிலக்கு மீறும் செயலுக்கு மட்டுமே. மீறுவதற்கான கருவியைச் செய்து விற்பதற்கு இல்லை. பூட்டைத் திறக்கலாம், ஆனால் திறவுகோலை யாரும் விற்கக் கூடாது என்கிற நிலை. கையில் சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரியாத கோடிக்கணக்கான நுகர்வோருக்கு இந்த அனுமதியால் என்ன பயன் என்று சட்டம் இயற்றியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நீதிமன்றங்கள் வலையின் கண்களைக் கொஞ்சம் பெரிதாக்கப் பார்த்தன. கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட் பற்றிய சேம்பர்லைன் வழக்கிலும், பிரின்டர் டோனர் சிப் பற்றிய லெக்ஸ்மார்க் வழக்கிலும் 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் உற்பத்தியாளர்களின் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அவை செல்பேசிக்கும் பொருந்துமா என்பது தெளிவாகாமலே இருந்தது. தெளிவில்லாத இடத்தில் வக்கீல் நோட்டீசுக்கு வலு அதிகம். மாணவராக இருந்தபோது செல்பேசிகளை அன்லாக் செய்து தரும் சிறு தொழில் நடத்திய சினா கனிஃபருக்கு மோட்டரோலாவிடமிருந்து அப்படியொரு நோட்டீஸ் வந்தது. ஸ்டான்ஃபர்டில் இருந்த வழக்கறிஞர் ஜெனிஃபர் கிரானிக் கட்டணமில்லாமல் அவருக்காக வாதாடினார், மோட்டரோலா பின்வாங்கியது. இந்த இரண்டு பெயர்களும் திரும்ப வரும்.

2006: கிடைத்த அனுமதி

பழைய செல்பேசிகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் ‘வயர்லெஸ் அலையன்ஸ்’ என்ற நிறுவனத்துக்காகக் கிரானிக் 2006 விசாரணையில் விதிவிலக்குக் கோரினார். வேறு நெட்வொர்க்கில் ஓடாத பழைய கைபேசி குப்பைக்குத்தான் போகும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. பதிவாளர் மேரிபெத் பீட்டர்ஸ் எழுதிய பரிந்துரை இந்த வரலாற்றின் மிகத் தெளிந்த ஆவணம் என்பது என் மதிப்பீடு. இந்தப் பூட்டுகள் பதிப்புரிமையாளரின் நலனையோ படைப்பின் மதிப்பையோ காக்க வைக்கப்பட்டவையாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறாமல் தடுக்கும் வணிக முடிவுக்கும் பதிப்புரிமைச் சட்டம் காக்கும் நலனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவர் முடித்தார். 2006 நவம்பர் 27இல் விதிவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

அப்படிச் சம்பந்தமே இல்லை என்றால், அந்தக் கேள்வி அவர் மேசைக்கு வந்திருக்கவே கூடாது. இதைச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. மூன்றாண்டுக்கு அனுமதி தரலாம், அல்லது மறுக்கலாம்.

முதல் எதிர்ப்பு ட்ராக்ஃபோனிடமிருந்து வந்தது. முன்பணச் சேவை நிறுவனமான அது மலிவு விலைக் கைபேசிகளை நஷ்டத்தில் விற்று, பேசும் நிமிடங்களில் அதை ஈடுகட்டியது. சிலர் கடை கடையாகப் போய் நூற்றுக்கணக்கில் வாங்கி, பூட்டைத் திறந்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ட்ராக்ஃபோன் நூலகர் மீதே ஃப்ளோரிடாவில் வழக்குத் தொடுத்தது. வியாபாரிகள் மீதும் வரிசையாக வழக்குகள் போட்டது. டிக்ஸன் வழக்கில் 2007இல் நீதிமன்றம், லாபத்துக்கு மறுவிற்பனை செய்பவருக்கு இந்த விதிவிலக்குப் பொருந்தாது, ஏனெனில் நெட்வொர்க்கில் இணைவது மட்டுமே அவர் நோக்கமன்று என்றது. ட்ராக்ஃபோனின் முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு அதற்குக் காவல் நிற்கப் பதிப்புரிமைச் சட்டத்தை அழைப்பது விசித்திரமான பாதுகாப்பு ஏற்பாடு. ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தை முறித்தால் அபராதமும் இருக்கிறது. சேவை நிறுவனமான வெரிஸான் 2009 நவம்பரில் ஸ்மார்ட்ஃபோன்களுக்கு அந்த அபராதத்தை 350 டாலராக இரட்டிப்பாக்கியது. அபராதமும் வசூலித்து, பூட்டையும் வைத்திருப்பது எதற்கு என்ற கேள்வியை நிறுவனங்கள் நேராக எதிர்கொள்ளவே இல்லை.

பொதுமக்கள் கவனத்துக்கு இது வந்தது ஐபோனால்தான். 2007 ஜூன் 29இல் வெளியான ஐபோன் அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி.யில் மட்டுமே வேலை செய்தது. ஆகஸ்டில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த 17 வயது ஜார்ஜ் ஹாட்ஸ் அதன் பூட்டைத் திறந்து காட்டினார். அந்தக் கருவியை ஒரு நிஸான் 350இசட் காருக்கும் மூன்று புது ஐபோன்களுக்கும் மாற்றிக்கொண்டார். செப்டம்பர் இறுதியில் ஆப்பிள் வெளியிட்ட 1.1.1 மென்பொருள் மேம்படுத்தலில், திறக்கப்பட்ட ஐபோன்கள் பல உயிரில்லாமல் போயின. நூலகரின் விதிவிலக்கு பயனரைச் சிறையிலிருந்து காத்தது, கருவியைக் காக்கவில்லை. பூட்டைத் திறந்ததற்காக உற்பத்தியாளர் கருவியை முடக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்த முதல் ஐபோன் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. 2008 ஆகஸ்டில் 3ஜி மாடல் வோடஃபோன், ஏர்டெல் வழியாக 31,000 ரூபாய்க்கு வரும்வரை, அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணனோ மாப்பிள்ளையோ கொண்டுவந்த ஐபோன் சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ திறக்கப்பட்டால்தான் உள்ளூர் சிம்மை ஏற்கும். 2012 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. அதுவும் தொழில்நுட்பத் தடையை மீறுவதைத் தண்டிக்கிறது, 2 ஆண்டு வரை சிறை. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்திருந்தால் மட்டும். சிம் மாற்றுவதற்காகப் பூட்டைத் திறப்பவருக்கு அந்த நோக்கம் இல்லை. இந்தியச் சட்டம் வரைந்தவர்கள் அமெரிக்கா பட்ட பாட்டைப் பதினான்கு ஆண்டு பார்த்த பிறகு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோக்கத்தைக் குறிக்கும் அந்த ஒரு தொடர் அமெரிக்கச் சட்டத்தில் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே பொருள் இருந்திருக்காது.

2012: போன அனுமதி

2010 ஜூலையில் விதிவிலக்கு மறுபடி கிடைத்தது; பயன்படுத்திய கைபேசிகளுக்கு மட்டும், நிரல் பிரதியின் உரிமையாளர் செய்தால் மட்டும் என்ற கட்டுப்பாடுகளோடு. ‘நிரல் பிரதியின் உரிமையாளர்’ என்ற நிபந்தனையே அடுத்த முறை காலை வாரியது.

அதே 2010 செப்டம்பரில், பழைய ஆட்டோகேட் மென்பொருள் வட்டுகளை ஈபேயில் விற்ற வெர்னருக்கு எதிராக ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வட்டைக் காசு கொடுத்து வாங்கினாலும், நிறுவனத்தின் உரிம வாசகம் போதிய அளவு கட்டுப்படுத்தினால், வாங்கியவர் உரிமையாளர் ஆகமாட்டார். உரிமம் பெற்றவர் மட்டுமே. 2012 விசாரணையில் புதிய பதிவாளர் மரியா பலான்டே இந்தத் தீர்ப்பைச் செல்பேசி ஒப்பந்தங்களோடு சேர்த்துப் படித்தார். கருவி வாங்கியவருடையது, உள்ளிருக்கும் நிரல் அவருடையதென்று சொல்ல முடியாது. கூடவே, பூட்டில்லாத கைபேசிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன, சேவை நிறுவனங்களே கேட்டால் திறந்து தருகின்றன, ஆகவே விதிவிலக்குக்கான தேவை நிரூபணமாகவில்லை என்றும் கண்டார். வணிகத் துறையின் முகமை விதிவிலக்கைத் தொடரச் சொன்னது; அதன் கருத்து எடுபடவில்லை. 2012 அக்டோபரில் வெளியான விதி 90 நாள் அவகாசம் தந்தது. அதற்குள் வாங்கிய கருவிகளுக்கு அனுமதி தொடரும். பின்னால் வாங்கியவற்றுக்குக் கிடையாது.

பலான்டேயைக் குறை சொல்வது எளிது. ஆனால் தரப்பட்ட சட்டத்துக்குள் நின்று பார்த்தால் அவர் வாதம் தடம் புரண்டதல்ல. பீட்டர்ஸ் ‘இது பதிப்புரிமை விவகாரமே அல்ல’ என்ற பொதுப்புத்தியிலிருந்து தொடங்கினார். பலான்டே ஏட்டில் எழுதியபடி நிரூபணம் கேட்டார். முந்தையவர் தாராளமாகப் படித்த அதே சட்டத்தை அவர் இறுக்கமாகப் படித்தார். எந்தப் பதிவாளர் எப்படிப் படிப்பார் என்பதில் தொங்கும் ஒன்றை நுகர்வோர் உரிமை என்று அழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மனு, சட்டம்

அந்த 90 நாள் முடியும் தறுவாயில் சினா கனிஃபர் வெள்ளை மாளிகையின் மனுத் தளத்தில் ஒரு மனுவைத் தொடங்கினார். பதில் பெறத் தேவையான எண்ணிக்கை அந்த ஜனவரியில்தான் 25,000இலிருந்து 1,00,000 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கெடு முடிந்தபோது 1,14,322 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். மார்ச் 4இல் அதிபர் அலுவலக ஆலோசகர் டேவிட் எடல்மன், ஒப்பந்தக் கடன் இல்லாத நுகர்வோர் தண்டனைக்கு அஞ்சாமல் பூட்டைத் திறக்க முடிய வேண்டும், டேப்லெட்டுகளுக்கும் அது பொருந்தும் என்று பதில் எழுதினார். காங்கிரஸ் நூலகமும் அன்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த மூன்றாண்டு விசாரணை பொதுக் கொள்கை விவாதத்துக்கு மாற்றாக ஏற்பட்டதல்ல என்று அது ஒப்புக்கொண்டது. நூலகமே ‘எங்களிடம் வராதீர்கள்’ என்று சொன்ன மாதிரிதான்.

அடிப்படையைச் சரிசெய்யும் மசோதாவும் வந்தது. கலிஃபோர்னியா உறுப்பினர் ஸோ லாஃப்கிரன் 2013இல் கொண்டுவந்த மசோதா, பதிப்புரிமை மீறல் இல்லாத இடத்தில் பூட்டைத் திறப்பதை நிரந்தரமாகக் குற்றமற்றதாக்கும்; திறக்கும் கருவிகளுக்கும் அதே சலுகை. அது குழு நிலையைத் தாண்டவில்லை. 1201ஆம் பிரிவில் கைவைத்தால் டி.வி.டி.யும் விளையாட்டுக் கருவியும் பின்னாலேயே வரும் என்று திரைத்துறையும் மென்பொருள் துறையும் அஞ்சின.

நிறைவேறியது செனட்டர் பேட்ரிக் லேகியும் கீழவை உறுப்பினர் பாப் குட்லட்டும் முன்னெடுத்த எளிய மசோதா. 2014 பிப்ரவரியில் கீழவையில் 295க்கு 114 என்று தேறியது. மொத்தமாகத் திறந்து விற்பவர்களுக்குப் பொருந்தாது என்ற வாசகத்தைக் கடைசி நேரத்தில் சேர்த்ததால், அதுவரை ஆதரித்த பொதுநல அமைப்புகள் சில விலகிக்கொண்டன. செனட் அந்த வாசகம் இல்லாத வடிவத்தை ஜூலை 15இல் ஏகமனதாக நிறைவேற்றியது. கீழவையும் அதையே ஏற்றது. ஆகஸ்ட் 1இல் ஒபாமா கையெழுத்திட்டார்.

இச்சட்டம் செய்தது என்ன என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமே. 2012 விதியை நீக்கி 2010 விதியை மீட்டது. உரிமையாளர் சொல்லி இன்னொருவர் திறந்து தரலாம் என்றது. சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரியாதவருக்கு முதல்முறையாகப் பயன் கிடைத்தது இதனால்தான். மற்றக் கருவிகளை அடுத்த விசாரணையில் பரிசீலிக்கச் சொன்னது. விதிவிலக்கை நிரந்தரமாக்கவில்லை. ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டு, இரு அவைகளும் ஒப்புதல் தந்து, அதிபரும் கையெழுத்திட்ட பிறகு, விவகாரம் 2015இல் மறுபடி நூலகரிடமே போனது. பின்னர் பெரிய எதிர்ப்பில்லை: 2015இல் டேப்லெட்டுகளும் அணிகருவிகளும் சேர்ந்தன, 2018இல் புதிய கருவிகளுக்கும் நீண்டது, 2021இல் கம்பியில்லாக் கருவி அனைத்துக்கும் விரிந்தது, 2024இல் புதுப்பிக்கப்பட்டது.

நுகர்வோர் கையில் உண்மையில் மாற்றத்தை உணர வைத்தது வேறொரு காகிதம். எஃப்.சி.சி.யின் நெருக்குதலில் ஐந்து பெரிய நிறுவனங்கள் 2013 டிசம்பரில் ஒரு தன்னார்வ உறுதிமொழிக்கு இணங்கின. ஒப்பந்தம் முடிந்து பாக்கி இல்லாத கருவியைக் கேட்டால் திறந்து தருவது, முன்பணக் கருவியை அதிகபட்சம் ஓராண்டில் திறப்பது, கோரிக்கைக்கு இரண்டு வேலை நாளில் பதிலளிப்பது ஆகியவை அதில் இருந்தன.

பூட்டைத் திறக்கலாமா என்று கேட்பதற்குப் பதில், பூட்டிய பொருளை விற்கலாமா என்று கேட்ட நாடுகள் சுலபமாகத் தப்பித்தன. கனடாவின் ஒழுங்காற்று ஆணையம் 2017 டிசம்பர் 1 முதல் கைபேசிகளைப் பூட்டில்லாமல்தான் தர வேண்டும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் கனடிய நிறுவனங்கள் ‘திறப்புக் கட்டண’மாக 3.77 கோடி கனடிய டாலர் வசூலித்திருந்தன. பூட்டு மானியத்தைக் காக்கவா, தனி வருமானத்துக்கா என்று கேட்கத் தோன்றும் தொகை. பிரிட்டனின் ஒழுங்காற்று ஆணையமான ஆஃப்காம் 2021 டிசம்பர் முதல் பூட்டிய கைபேசி விற்பனைக்குத் தடை விதித்தது.

அமெரிக்காவிலும் இந்த வழி ஒரு மூலையில் இருந்தது. 2008இல் 700 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் ‘சி’ தொகுதி அலைக்கற்றையை எடுப்பவர் கருவிகளைப் பூட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஏறத்தாழ 470 கோடி டாலருக்கு அதை வெரிஸான் எடுத்தது. நாடு முழுக்க நூலகரின் பத்தியைப் பற்றி வாதிட்டபோது, வெரிஸானின் அலைக்கற்றை உரிமமே அதன் வாடிக்கையாளருக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது. திருட்டைத் தடுக்க 60 நாள் மட்டும் பூட்டிக்கொள்ள 2019இல் ஆணையம் சலுகை தந்தது. 2021இல் ட்ராக்ஃபோனை வெரிஸான் வாங்கியபோது, 2006இல் நூலகர் மீதே வழக்குப் போட்ட அந்த நிறுவனமும் திறப்பு நிபந்தனைகளின் கீழ் வந்தது. 2024 ஜூலையில் 60 நாளில் திறக்க வேண்டும் என்பதை எல்லா நிறுவனங்களுக்கும் விதிக்க ஆணையம் முன்மொழிந்தது. 2025 மே மாதம் வெரிஸான் எதிர்த்திசையில் மனு கொடுத்தது: 60 நாள் போதாது, கடத்தல்காரர்கள் அதற்குள் கைபேசிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், தன்னை இந்த விதியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று.

பூட்டு எத்தனை நாள் இருக்கலாம் என்பதைத் தொலைத்தொடர்பு ஆணையமும், பயனர் தானே அதைத் திறக்கலாமா என்பதை நூலகரும் இன்றும் தனித்தனியே முடிவு செய்கிறார்கள். நூலகரின் இப்போதைய அனுமதிக்கு 2027 அக்டோபர் வரை ஆயுள்.